துடுப்பு ஒன்று, கோணம் மூன்று

கயாக் என்கிற சின்னப் படகை இரு முனைத் துடுப்பால் ஓட்டப் போகிற எல்லோரும் முதல் நாள் சொல்வது "கை வலிக்குது". இரண்டாம் நாள் சொல்வது "படகு நேராவே போக மாட்டேங்குது". நானும் இரண்டையும் சொன்னேன், சொன்னதோடு நிற்காமல் படகு சரியில்லை, காற்று சரியில்லை, குளத்தின் அடியில் ஏதோ நீரோட்டம் இருக்கிறது என்றெல்லாம் காரணம் கண்டுபிடித்தேன். கடைசியில் பார்த்தால் துடுப்பில் ஒரு பித்தான் தப்பான ஓட்டையில் மாட்டியிருந்தது.

நடந்தது இதுதான். கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டுக்குக் கீழே நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பாசனக் குளம் இருக்கிறது. பெரிதில்லை, ஒரு கரையிலிருந்து கூப்பிட்டால் எதிர்க்கரையில் கேட்கும். வத்தலக்குண்டிலிருந்து என் தம்பி, சித்தப்பா மகன், காற்றடித்து ஊதுகிற கயாக் ஒன்றை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அலுமினியத் துடுப்பு, இரண்டு துண்டாகக் கழற்றி நடுவில் மாட்டுகிற வகை. அவன்தான் அவசர அவசரமாக மாட்டிக் கையில் கொடுத்தான். நான் உட்கார்ந்து வலப்பக்கம் ஒரு போடு, இடப்பக்கம் ஒரு போடு என்று போட, படகு இடது பக்கமாகவே வளைந்து வளைந்து வந்து தாமரை இலைக்குள் மூக்கை நுழைத்தது. மறுபடி இழுத்து வெளியே வந்தால் மறுபடி இடது பக்கம். இடது கையில் பலமில்லை என்று முடிவு கட்டி அந்தப் பக்கம் இரண்டு மடங்கு வேகமாக அடித்ததில் பேன்ட் நனைந்ததுதான் மிச்சம்.

எங்களுடன் வந்தவர்களில் ஒருவர் முன்பு கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிறார். கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "தம்பி, சத்தம் ஒரு பக்கம்தான் வருது, கவனிச்சீங்களா?"

"புரியலண்ணே."

"வலப்பக்கம் போடும்போது தொபுக்னு அமுங்குது. இடப்பக்கம் சளக் சளக்குனு தெறிக்குது. அந்தத் துடுப்பை இங்க குடுங்க."

வாங்கினார், துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் ஒரு முனையில் கண்ணை வைத்து மறு முனையைப் பார்த்தார். "இது ரெண்டும் ஒண்ணு போல இல்லையே, ஒண்ணு நிக்குது, ஒண்ணு படுத்திருக்கு" என்றார். அவர் வாழ்க்கையில் கயாக் துடுப்பைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குப் பிறகு நான் படித்தது, கேட்டது, குளத்தில் விழுந்து தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கயாக் துடுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'கோணம்' என்ற ஒரே சொல்லை மூன்று வேறு விஷயங்களுக்குச் சொல்கிறார்கள், புதிதாக வருகிறவருக்குக் குழப்பம் வருவதே அங்கேதான். இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள முறுக்கு ஒரு கோணம். தண்டை எவ்வளவு செங்குத்தாகப் பிடிக்கிறோம் என்பது இன்னொன்று. தண்ணீருக்குள் போன பிறகு முனையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மூன்றாவது. யாராவது "கோணத்தை மாத்துங்க" என்றால், எந்தக் கோணம் என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

முதலில் துடுப்பையே ஒரு முறை உற்றுப் பார்த்துவிடலாம். ஏரியில் வாடகைக்கு ஓடும் துடுப்புப் படகில், துடுப்பு படகோடு மாட்டியிருக்கும், ஓட்டுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இழுப்பார். கயாக்கில் முன்னால் பார்த்து உட்கார்கிறோம். துடுப்பு எதிலும் மாட்டியிருக்காது, முழுப் பொறுப்பும் கையில்தான். நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் அகலமான தட்டை முனை. இந்த முனையைப் பிளேடு என்றே எழுதப் போகிறேன், ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பிளேடு போடுகிறான் என்று நீங்கள் சொல்ல நானே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிறது, பரவாயில்லை.

பிளேடின் ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், அகப்பையின் உள்பக்கம் மாதிரி. அந்தக் குழிந்த பக்கம்தான் தண்ணீரைப் பிடித்து இழுக்கிற பக்கம், அது உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். அப்புறம், நிறையத் துடுப்புகளில் பிளேடின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே நீளமாக இருக்காது, கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெட்டி எடுத்தது போல இருக்கும். அழகுக்காகச் செய்ததில்லை. துடுப்பு சாய்வாகத்தான் தண்ணீருக்குள் போகிறது. இரண்டு பாதியும் சமமாக இருந்தால் கீழ்ப்பாதி முன்னதாகவும் அதிகமாகவும் நனையும், அந்தப் பக்கம் அழுத்தம் கூடி, தண்டு கைக்குள் திருகிக்கொள்ளும். கீழ்ப்பாதியைச் சின்னதாக்கிவிட்டால் நனைகிற பரப்பு இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. ஆகவே நீளமான விளிம்பு மேலே. பிளேடில் எழுத்து ஏதாவது அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் நேராகப் படிக்கிற மாதிரி இருக்கும், அது ஒரு சுலபமான அடையாளம். நடுவில் முதுகெலும்பு போல ஒரு மேடு ஓடினால், அது தண்ணீரை இரண்டு பக்கமும் சரிசமமாகப் பிரித்துவிடுவதற்கு. அது இல்லாத தட்டையான பிளேடு இழுக்கும்போது காற்றில் கொடி ஆடுவதுபோல் படபடக்கும்.

இனி முதல் கோணம். துடுப்பைத் தரையில் படுக்கப்போடுங்கள். ஒரு பிளேடு தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும்போது மற்றது எவ்வளவு எழும்பி நிற்கிறதோ, அதுதான் ஃபெதர் கோணம். இரண்டும் படுத்திருந்தால் 0 டிகிரி. ஒன்று படுத்து மற்றது நட்டுக்குத்தலாக நின்றால் 90. சாதாரண அலுமினியத் துடுப்பில் மாட்டுகிற இடத்தில் பெரும்பாலும் பித்தான் வந்து உட்காருகிற மூன்று ஓட்டைகள் இருக்கும், நடு ஓட்டை 0, அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று 60 டிகிரி, வலக்கைக்காரருக்கு ஒன்று இடக்கைக்காரருக்கு ஒன்று. விலை கூடின துடுப்புகளில் 15 டிகிரி இடைவெளியில் நிறையப் படிகள் வைத்திருப்பார்கள், சிலவற்றில் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் நிறுத்தி இறுக்கிக்கொள்ளலாம். என் தம்பி மாட்டியது வலது 60. அதனால்தான் வலது பிளேடு சரியாகத் தண்ணீரைப் பிடிக்க, இடது பிளேடு கத்தி மாதிரி கீறிக்கொண்டு வெளியே வந்தது. வலப்பக்கம் மட்டும் தள்ளினால் படகு இடப்பக்கம்தானே திரும்பும்.

எதற்கு இப்படி ஒரு முறுக்கு? ஃபெதர் என்கிற சொல்லே துடுப்புப் படகிலிருந்து வந்ததுதான். ஏரியில் நல்ல கை உள்ள படகோட்டி யாரையாவது கவனித்துப் பாருங்கள். இழுத்து முடித்துத் துடுப்பை வெளியே எடுத்ததும் மணிக்கட்டை லேசாகத் திருப்புவார், நின்றுகொண்டிருந்த துடுப்பு பலகை மாதிரி படுத்துக்கொண்டு, நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒரே கோட்டில் விழ, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே முன்னால் போகும். போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிற்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகத்தான் அந்தப் படுக்கை.

கயாக்கிலும் அதே காரணம்தான். வலது பிளேடு தண்ணீருக்குள் முகத்தைக் காட்டி நிற்கும்போது, 0 டிகிரியில் இடது பிளேடும் மேலே காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். எதிர்காற்று அடித்தால் அது ஒரு சின்னப் பாய். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் பிளேடு ஏறக்குறைய நகர்வதே இல்லை, குச்சியை ஊன்றின மாதிரி அங்கேயே நிற்க, படகுதான் அதைத் தாண்டிப் போகிறது. தண்டின் நடுப்பகுதி படகோடு போகிறது என்றால் மேல் நுனி படகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் போக வேண்டும். படகு மணிக்கு 5 கிலோமீட்டர், எதிர்காற்று 20 என்று வையுங்கள், மேல் பிளேடு 30 கிலோமீட்டர் காற்றை முகத்தில் வாங்குகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும், வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்கு. உள்ளங்கையைவிடப் பல மடங்கு பெரிய, 600, 700 சதுர சென்டிமீட்டர் உள்ள ஒரு தட்டில் அது ஒவ்வொரு போடுக்கும் விழுகிறது. முறுக்கி வைத்துவிட்டால் மேல் பிளேடு விளிம்பைக் காட்டிக்கொண்டு நழுவிப் போய்விடும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் பேருந்தில் மலை இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள் என்று எழுத வந்தேன், ஆனால் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், காட்ரோட்டு வளைவுகளில் அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளேயே காற்று அடிக்கிற இடத்தில் உள்ளங்கையை நிறுத்தியும் படுக்க வைத்தும் பார்த்தால் போதும்.

சரி, முறுக்கு இருந்தால் அந்த 60 டிகிரியை யார் ஈடுகட்டுவது? மணிக்கட்டு. வலது கை தண்டை நிலையாகப் பிடிக்கும், இடது கை தளர்வாக, தண்டு உள்ளே உருள இடம் கொடுத்துப் பிடிக்கும். வலப்பக்கம் போட்டு முடித்ததும் வலது மணிக்கட்டைப் பின்னால் மடக்கினால், பைக்கில் ஆக்ஸிலேட்டர் முறுக்குகிறோமே அதே அசைவு, தண்டு உருண்டு இடது பிளேடு நிமிர்ந்துகொள்ளும், இடப்பக்கம் போடலாம். பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவது போல மணிக்கட்டை நேராக்க, மறுபடி வலப்பக்கம். அன்று நான் இதைச் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்றே தெரியாது. இரண்டு கையாலும் உடும்புப் பிடி பிடித்திருந்ததால் தண்டு உருளவும் வழியில்லை.

இந்த அசைவில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேல் போடு போடுகிறோம், அத்தனை தடவையும் மணிக்கட்டு மடங்கி நிமிர்கிறது. அதனால் மணிக்கட்டில் வலி, வீக்கம் வந்து அவதிப்பட்டவர்கள் நிறைய. ஒரு காலத்தில் 80, 90 டிகிரி வைத்து ஓட்டுவது வழக்கமாக இருந்தது, இப்போது பலர் 30, 45 என்று இறங்கி வந்துவிட்டார்கள். இன்னொரு தொந்தரவும் உண்டு. எதிர்காற்றுக்கு நல்லதாக இருக்கும் முறுக்கு பக்கக்காற்றுக்கு நல்லதில்லை. மேலே படுத்திருக்கும் பிளேடுக்கு அடியில் பக்கக்காற்று புகுந்தால் குடையைத் தூக்குவது மாதிரி துடுப்பைத் தூக்கப் பார்க்கும். கொடைக்கானல் ஏரி நட்சத்திரம் மாதிரி கை விரித்துக் கிடக்கிறது, 1863இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியது, பள்ளத்தின் வடிவம் அப்படியே ஏரியின் வடிவமாகிவிட்டது. அப்படிப்பட்ட நீர்நிலையில் ஒரு முனையைத் திரும்பினால் எதிர்காற்று பக்கக்காற்றாக மாறிவிடும். எந்தக் கோணம் வைத்தாலும் பாதி நேரம் அது தப்பான கோணம்தான்.

என் கருத்தைக் கேட்டால், கற்றுக்கொள்கிற முதல் சில மாதங்கள் 0 டிகிரியில் வைத்துவிட்டு இந்தப் பேச்சையே மறந்துவிடலாம். முறுக்கு வைத்தால்தான் தேர்ந்தவர் மாதிரி இருக்கும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கிரீன்லாந்தின் இன்யூட் போன்ற வடதுருவக் கடலோர மக்களிடமிருந்துதான் கயாக் என்கிற படகே உலகத்துக்கு வந்தது, கிரீன்லாந்துக்காரர்கள் கடலில் சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்குப் போன துடுப்பில் முறுக்கு கிடையாது. பிளேடு குறுகலாக, ஏறக்குறைய ஒரு கைப்பிடி அகலத்தில் இருக்கும், அதனால் காற்று பிடிக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. நம் குளத்தில் நாம் அவர்களைவிடப் பெரிய வேட்டைக்காரர்கள் இல்லை.

இரண்டாவது கோணம், தண்டின் சாய்வு. சிலர் துடுப்பைக் காவடி மாதிரி கிடைமட்டமாக, கைகளை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு நிதானமாக ஓட்டுவார்கள். சிலர் மேல்கை நெற்றி உயரத்துக்கு வர, தண்டை ஏறக்குறைய செங்குத்தாக்கி ஓட்டுவார்கள். முதலாவது ஊர் சுற்றிப் பார்க்க, இரண்டாவது வேகத்துக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், சரிதான், ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் உபயோகம். தண்டு படுத்திருந்தால் பிளேடு படகிலிருந்து விலகி, வளைவாகச் சுற்றி வரும். படகின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிளேடு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அது படகைத் திருப்பும். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், கைப்பிடிக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், அதே கணக்கு. தண்டு நின்றால் பிளேடு படகின் ஓரத்தை ஒட்டியே நேர்கோட்டில் வரும், போட்ட பலம் முன்னால் போகவே செலவாகும், திரும்பாது. ஆனால் தோளும் மூச்சும் சீக்கிரம் களைக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கீழேயிருந்து வருகிற என் தம்பி முதல் நாள் பத்து நிமிடத்தில் நாக்கைத் தள்ளினதற்கு அதுவும் ஒரு காரணம். பிரியாணி இன்னொரு காரணம்.

துடுப்பின் நீளமும் இதோடு சேர்ந்த விஷயம். நின்ற தண்டுக்குக் குட்டையான துடுப்பும் (205 முதல் 220 சென்டிமீட்டர் வரை) அகலமான பிளேடும், படுத்த தண்டுக்கு 220, 240 என்று நீளமான துடுப்பும் ஒல்லியான பிளேடும் வைத்துக்கொள்வார்கள். காற்றடிக்கிற கயாக் வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய தேர்வு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லியான கடல் கயாக் 55, 60 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும், நம்முடையது 85, 90. இரண்டு பக்கமும் தலையணை மாதிரி குழாய். தண்டை ரொம்ப நிறுத்தினால் விரல் முட்டி குழாயில் உரசும், குட்டைத் துடுப்பு தண்ணீருக்கே எட்டாது. 230க்குக் குறையாத துடுப்பு, நடுத்தரமான சாய்வு, அவ்வளவுதான் முடியும்.

மூன்றாவது கோணம்தான் எனக்குப் பிடித்தது, பலர் பேசாததும் அதுதான். தண்ணீருக்குள் போன பிளேடின் முகம் நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால், 20 டிகிரி திரும்பினாலும் தண்ணீரை எதிர்கொள்கிற பரப்பு ஆறு சதவீதம்தான் குறைகிறது. 60 டிகிரி திரும்பினால் பாதி. ஆக, சின்னத் தவறுக்குப் பரப்பு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை வேறு, திரும்பிய பிளேடு பக்கவாட்டில் வழுக்கப் பார்க்கும். மேல் விளிம்பு முன்பக்கம் சாய்ந்திருந்தால், இழுக்க இழுக்கப் பிளேடு ஆழத்துக்கு முங்கும், யாரோ கீழேயிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். மேல் விளிம்பு பின்பக்கம் சாய்ந்திருந்தால் பிளேடு ஏறி மேலே வந்து சளக்கென்று தெறிக்கும். டீக்கடை அண்ணன் காதால் பிடித்தது இந்தச் சளக்கைத்தான். மணிக்கட்டு மடிந்திருக்கிறதா, கைப்பிடி உருண்டுவிட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. தெறிப்பு, நுரை, குமிழி, சத்தம் எல்லாம் படகைத் தள்ளாமல் தண்ணீரைக் கலக்குவதற்குப் போன பலம். இன்யூட் துடுப்பை ஓட்டுகிறவர்கள் இந்த வழுக்கலை வேண்டுமென்றே உபயோகிக்கிறார்கள், மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பிடிக்க, அந்தக் குறுகிய பிளேடு சத்தமில்லாமல் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. 1980களின் நடுவில் ஸ்வீடனில் வந்த இறக்கைத் துடுப்பும் இந்தக் குடும்பம்தான், விமான இறக்கை மாதிரி வளைந்த பிளேடு, அது பின்னால் வராமல் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போய் அந்த வழுக்கலிலிருந்தே தள்ளுவிசையை எடுக்கிறது. பந்தயக்காரர்கள் இப்போது அதைத்தான் பிடிக்கிறார்கள். நமக்கு வேண்டாம், சும்மா சொல்லி வைத்தேன்.

இப்போது போடுவதற்கு வருவோம். முதலில் கை வைக்கும் இடம். மலையில் பெண்கள் விறகுக்கட்டைத் தலையில் தூக்கி வருவார்களே, அதுபோல் துடுப்பைத் தலைமேல் வையுங்கள், இரு கையாலும் பிடியுங்கள், முழங்கை இரண்டும் செங்கோணத்தில் மடங்கியிருந்தால் அதுதான் இடம். வேண்டுமானால் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள், ஓட்டும்போது கை நகர்ந்துகொண்டே போகும். பிடி தளர்வாக இருக்கட்டும்.

அடுத்தது உடம்பு. மத்தில் கயிறு சுற்றித் தயிர் கடைகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? என் அம்மாச்சி தூணில் மத்தைக் கட்டி உட்கார்ந்து கடைவார், ஒரு கை இழுக்க மறு கை தானாக முன்னே போகும், தோள் இரண்டும் மாறி மாறி முன்னும் பின்னும் போகும், அரை மணி நேரம் கடைந்துவிட்டு எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார். புதிதாகக் கடையப் போகிற நாம் முழங்கையை மடக்கி மடக்கி இழுத்து ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவோம். கயாக்கில் நடப்பது அச்சாக இதுதான். முழங்கையை மடக்கி இழுக்கிற தசை சின்னது. இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்புகிற தசைகள் பெரியவை, சீக்கிரம் களைக்காதவை.

வலப்பக்கம் போட வேண்டும் என்றால் வலது தோளை முன்னால் கொண்டுபோங்கள், நெஞ்சு இடது கரையைப் பார்க்கும். வலது கை ஏறக்குறைய நேராக நீண்டிருக்க, பிளேடைக் கால் விரலுக்குப் பக்கத்தில், படகை ஒட்டி, தண்ணீரில் இறக்குங்கள். இங்கே ஒரு நொடிப்பொழுது பொறுக்க வேண்டும், எல்லோரும் தவறுவது இங்கேதான். பிளேடு முழுவதும் முங்கிய பிறகுதான் இழுக்க வேண்டும், முங்குவதற்குள் இழுத்தால் காற்றையும் சேர்த்து இழுத்து வெறும் நுரைதான் வரும். முங்கியதும் வலது காலால் படகை மிதித்துக்கொண்டு, திருப்பி வைத்த உடம்பை அவிழ்த்து விடுங்கள். கையை நீங்கள் மடக்கவே வேண்டாம், உடம்பு திரும்பும்போது கை அதோடு வரும். ஊன்றிய துடுப்பைப் பிடித்துக்கொண்டு படகை அதன் பக்கம் இழுக்கிறேன் என்று மனதில் நினைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் தானாகப் போய்விடும்.

பிளேடு இடுப்புக்குப் பக்கத்தில் வந்தால் வேலை முடிந்தது, பக்கவாட்டில் உருவி எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் இழுக்கலாமே என்று ஆசை வரும். இடுப்பைத் தாண்டினால் பிளேடு சாய்ந்து, தண்ணீரைப் பின்னால் தள்ளுவதை விட்டுவிட்டு மேலே வாரித் தூக்க ஆரம்பிக்கும். வாளியில் மொண்டு எறிகிற வேலை அது, படகின் பின்பக்கம் அமுங்கும், மூக்கும் எதிர்ப்பக்கம் திரும்பும். பின்னால் வருகிற படகில் இருப்பவர் மீது தண்ணீர் விழுகிறது என்றால் நீங்கள் தாமதமாக எடுக்கிறீர்கள். எடுத்த நேரத்தில் உடம்பு இடப்பக்கப் போடுக்குத் தயாராகத் திரும்பியிருக்கும், இடது தோள் முன்னால், அப்படியே அந்தப் பக்கம் இறக்க வேண்டியதுதான்.

பழக ஒரு வழி: முழங்கை இரண்டையும் மடக்காமல், குச்சி மாதிரி நேராக வைத்துக்கொண்டு குளத்தை ஒரு சுற்று வாருங்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உடம்பைத் திருப்பாமல் படகை நகர்த்தவே முடியாது, அதனால் உடம்பு வழிக்கு வந்துவிடும். அதன் பிறகு முழங்கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

திருப்புவது இதற்கு நேர் எதிர். நேராகப் போகத் தண்டை நிறுத்திப் பிளேடைப் படகோடு ஒட்டினோம். திரும்பத் தண்டைப் படுக்கப்போட்டு, பிளேடை எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, கால் விரலிலிருந்து படகின் வால் வரைக்கும் பெரிய அரைவட்டமாகக் கோலம் போடுவது போல் வீசி இழுக்க வேண்டும். வலப்பக்கம் வீசினால் இடப்பக்கம் திரும்பும். பின்னால் போக வேண்டுமென்றால் துடுப்பைத் திருப்பிப் பிடிக்காதீர்கள், அதே பிடியில் பிளேடின் முதுகால் தள்ளினால் போதும். படகு ஒரு பக்கம் சாய்வது போல் இருந்தால் அந்தப் பக்கத்துப் பிளேடின் முதுகைத் தண்ணீரில் பட்டென்று படுக்க வையுங்கள், ஒரு கணம் ஊன்றுகோல் மாதிரி தாங்கும், அந்தக் கணத்தில் இடுப்பால் படகை நிமிர்த்திவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம் தாங்க வேண்டும் என்றால் பிளேடை முன்னும் பின்னும் வருட வேண்டும், போகிற பக்கத்து விளிம்பு சற்றுத் தூக்கலாக. சுவர் பூசுகிற கொத்தனாரின் கரண்டியைக் கவனித்தால் தெரியும், எந்தப் பக்கம் போகிறதோ அந்த விளிம்பு மயிரிழை தூக்கியிருக்கும், இல்லாவிட்டால் கலவைக்குள் குத்திக்கொள்ளும். தண்ணீரிலும் அப்படியே, விளிம்பு கீழே போனால் பிளேடு முங்கும், பின்னாலேயே நீங்களும்.

முங்கினால் என்ன என்று சமவெளிக்காரர்கள் நினைக்கலாம். மார்கழியில் எங்கள் குளத்துத் தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சு நின்று பிறகுதான் கத்த முடிகிறது. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். இடத்தையும் யோசியுங்கள், கண்ணில் பட்ட ஏரியில் எல்லாம் சொந்தப் படகை இறக்கிவிட முடியாது. பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்தவர் தோட்டத்துக் குளம்தான் கற்றுக்கொள்ள வசதி, பம்புசெட் ஓடுகிற நேரத்தில் உறிஞ்சுகுழாய்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கரையேறியதும் துடுப்பை இரண்டாகக் கழற்றி, மாட்டுகிற இடத்தை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து எடுத்து வையுங்கள். மண் துகள் ஒன்று உள்ளே இருந்தால் போதும், அப்படியே கவ்விக்கொள்ளும். வழுக்கட்டும் என்று எண்ணெய் விட்டால் இன்னும் மோசம், அதில் மண் ஒட்டிப் பசையாகிவிடும். பித்தான் விஷயம் தெரிந்த அந்தச் சாயங்காலம், 60லிருந்து 0க்கு மாற்றலாம் என்று நானும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வடம் இழுப்பது போல் இழுத்தோம், வரவில்லை. டீக்கடை அண்ணன் வந்து, பிளேடைப் பிடிக்காதீங்க, இணைப்புக்குப் பக்கத்துல பிடிங்க, ஒருத்தர் அந்தப் பக்கம் திருகுங்க, ஒருத்தர் இந்தப் பக்கம் திருகுங்க, திருகிக்கிட்டே இழுங்க என்றார். திருகினோம். பொளக்கென்று கழன்றதில் நான் பின்பக்கமாகக் காப்பிச் செடிக்குள் போய் உட்கார்ந்தேன், தம்பி குளத்துக்குள்.